கைத்தொலைபேசியைப் பறிப்பது காவலாகாது

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கிய காலம் முதல் 2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகள் வரை, கண்டி மாவட்டத்தில் காணியையும் வீட்டையும் விட்டு எழுந்துவந்த குடும்பங்கள் ஏராளம். நட்டஈட்டுப் படிவத்தில் வீடு, மரம், மாடு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. பிள்ளையைக் கவனித்துக்கொண்ட அயலவருக்கு அதில் இடமில்லை.

பழைய ஊரில் சற்று வேறுமாதிரியான பிள்ளைகளும் இருந்தார்கள். முகம் பார்த்துப் பேசமாட்டான். பட்டாசுச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான். ஆனால் எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று பிசகாமல் சொல்வான். மிச்சக் காசில் அவனை யாராவது ஏமாற்றினால் கடைக்கார மாமாவே தட்டிக்கேட்பார். இன்று வைத்தியர்கள் ஓட்டிசம் என்றும் வேறு பெயர்களாலும் சொல்வது இத்தகைய பிள்ளைகளைத்தான். இதை நோய் என்று சொல்ல நாம் விரும்பவில்லை. மூளையின் அமைப்பு வேறு, அவ்வளவே.

புதிய குடியிருப்பில் அவனை அறிந்தவர் யாருமில்லை. கைத்தொலைபேசிதான் அவனுக்கு ஊர். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது பல வீடுகளுக்குள் அது நுழைந்தது. அங்கே அவனை யாரும் முகத்துக்கு நேரே கேலி செய்வதில்லை. யோசித்துப் பதில் எழுத நேரமும் கிடைக்கிறது. இந்த நன்மையைப் பெற்றோர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆபத்தும் அங்கேதான். ஒரு தாய் எம்மிடம் சொன்னது இது. அவரது மகன் மூன்று மாதமாக, கண்ணால் கண்டிராத ஒருவனுக்கு ரீலோட் அட்டை இலக்கங்களை அனுப்பிவந்தான். ஏனென்று கேட்டதற்கு, “கூட்டாளிக்கு உதவி செய்யணும்னு நீங்கதானே சொன்னீங்க” என்றானாம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, நண்பன் என்று எழுதுபவன் நண்பன்தான்.

பணம் போவது மட்டுமல்ல. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புச் செய்திகள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பரவின. அரசாங்கம் சில நாட்கள் அவற்றையே தடை செய்தது. தன் தளம் இதற்குப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. “எல்லோருக்கும் அனுப்பு” என்று வந்ததை எங்கள் பிள்ளை அப்படியே அனுப்பியிருந்தால்? தேடிவரும் பொலிஸாருக்கு அவன் எப்படிப்பட்டவன் என்று யார் சொல்வது?

“கவனமாயிரு” என்பது இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் சத்தம். எதில், எப்படி என்று சொல்ல வேண்டும். காசு கேட்டாலும், உடம்பின் படம் கேட்டாலும், “வீட்டில் சொல்லாதே” என்றாலும், பதில் எழுதாமல் அம்மாவிடம் காட்டு. வந்த செய்தியை யாருக்கும் அனுப்புமுன் அக்காவிடம் காட்டு. இவற்றைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நீங்களே அந்நியனாக நடித்துக் கேட்டுப் பழக்குங்கள். ஒரு தடவை போதாது.

அப்பாமார் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறோம்: உண்மையைச் சொன்ன பிள்ளையிடமிருந்து கைத்தொலைபேசியைப் பறிக்காதீர்கள். ஒருமுறை பறித்தால் அடுத்தமுறை அவன் சொல்லமாட்டான். பயமுறுத்துபவன் காத்திருப்பதும் அதற்காகத்தான். அப்படி ஏதும் நடந்துவிட்டால் பிள்ளையை அடிக்க வேண்டாம், குற்றம் மற்றவனுடையது. வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், அவையே சாட்சி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைக்கலாம். அதற்கு மேற்பட்டவரும் பொலிஸில் முறையிடலாம். பிள்ளை பேசும் விதத்தை விளக்க நீங்களும் கூடவே போங்கள்.

இணையப் பாதுகாப்புப் பற்றிய கூட்டங்கள் பெரும்பாலும் நகரத்துப் பாடசாலைகளில்தான் நடக்கின்றன. விசேட கல்வி அலகுப் பிள்ளைகளும், பாடசாலையை விட்டு நின்ற இளைஞர்களும் அங்கே இருப்பதில்லை. குடியிருப்புக்கு வரும் உத்தியோகத்தர்களிடம் தண்ணீர்க் குழாயும் காணி உறுதியும் கேட்கும் அதே நாளில், இதற்கொரு கூட்டம் தமிழில், இங்கேயே வேண்டும் என்றும் கேளுங்கள்.