குழாய்க்குப் பெர்மிட், குண்டுக்கு?

பத்து காவான் தொழிற்பேட்டையில் ஏற்றுமதிப் பத்திரம் தயாரிப்பது என் வேலை. நிபோங் திபாலிலிருந்து மோட்டாரில் போய்வருகிறேன். உயர்வலு அலுமினியக் குழாய், விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் என்று ஆர்டரில் கண்டால் கை நின்றுவிடும். யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குக்கு அது உதவும் என்பதால், வியூக வர்த்தகச் சட்டம் 2010-இன் பட்டியலில் இருக்கிறது. வாங்குபவர் யார், எதற்கு, யாருக்குக் கைமாற்றுவார் என்றெல்லாம் எழுதி வாங்கி வர்த்தக அமைச்சான மித்தியிடம் பெர்மிட் கேட்க வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. கேட்கத்தான் வேண்டும்.

இந்தச் சட்டம் வந்த கதை இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிபிசி சைனா கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தார்கள். கண்டெய்னர்களில் மையவிலக்குப் பாகங்கள். கடைந்தது ஷா ஆலாமில் ஒரு கம்பெனி. ஆர்டர் கொண்டுவந்தவர் துபாயில் தொழில் செய்த இலங்கையர் பி.எஸ்.ஏ. தாஹிர். எதற்கென்று தெரியாமல் செய்தோம் என்றது அந்தக் கம்பெனி. போலீஸ் அறிக்கையும் அதை ஏற்றது. 2004 பிப்ரவரியில் ஜார்ஜ் புஷ் தம் உரையில் மலேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். நம்ம கெப்பாலா பத்தாஸ்காரர் அப்துல்லா படாவி பிரதமராகி நாலு மாதம்கூட ஆகவில்லை. தாஹிர் இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார். விசாரணையே இல்லாமல் 2008 வரை.

இத்தனைக்கும் மூலவர் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான். 2004 பிப்ரவரி 4-ஆம் தேதி தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். மறுநாளே அதிபர் முஷாரஃப் மன்னித்துவிட்டார். வீட்டுக்காவலில் வைத்தார்கள், சரி. ஆனால் அனைத்துலக அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களை அவரிடம் நேரில் பேச விடவில்லை. அதே ஆண்டு ஜூனில், நேட்டோவுக்கு வெளியே உள்ள முக்கியக் கூட்டாளி என்ற தகுதியை அமெரிக்கா பாகிஸ்தானுக்குத் தந்தது. ஆப்கானிஸ்தான் போருக்கு ஆள் தேவைப்பட்டது, வேறென்ன?

பாகிஸ்தான் என்றதும் நம்மவர்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். அப்துல் கலாம் படம் மாட்டிய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இந்தியாவைப் பற்றிப் பேசிப் பாருங்கள், தே தாரே ஆறிப்போகும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்தே போட்டதில்லை. 1998-இல் பொக்ரானில் குண்டு வெடித்தது. பத்தே ஆண்டில், 2008 செப்டம்பரில், அணுப்பொருள் விற்கும் நாடுகள் கூடி இந்தியாவுக்கு விதிவிலக்கு கொடுத்தன. இஸ்ரேலும் கையெழுத்திடாத நாடுதான். குண்டு உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. கையெழுத்துப் போட்ட ஈரான்மீதுதான் 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு வீசின. ஈரான் யோக்கியம் என்று வாதாட வரவில்லை. 60 விழுக்காடு செறிவூட்டியது மின்சாரத்துக்காக என்றால் நான் நம்பமாட்டேன். ஆனால் அதைத் தண்டிக்கப் புறப்பட்டவர்களின் பத்திரத்தை யார் சரிபார்த்தது?

தென்கிழக்காசியாவில் அணு ஆயுதமே கூடாதென்று 1995-இல் பாங்காக்கில் செய்த உடன்படிக்கை 1997-இல் அமலுக்கு வந்தது. அதை மதிப்போம் என்று ஐந்து அணு வல்லரசுகளும் ஒப்பமிடத் தனி இணைப்பு வைத்தார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் ஒருவரும் ஒப்பமிடவில்லை. ஆனால் அமெரிக்க ஏஐ சில்லுகள் மலேசியா வழியாக நழுவுகின்றன என்று வாஷிங்டன் கவலைப்பட்டபோது, 2025 ஜூலையில் மித்தி அவற்றுக்கும் பெர்மிட் கட்டாயமாக்கியது. இப்படி நாம் இறங்கிவரும் ஒவ்வொரு முறையும், அந்த இணைப்பை வெளியுறவு அமைச்சு மேசையில் எடுத்து வைத்து, எப்போது ஒப்பமிடுவீர்கள் என்று தேதி கேட்க வேண்டும்.