உடைக்காமல் அறியும் உபாயம்

தானிய மண்டியில் வியாபாரி குத்தூசியால் சாக்கைக் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறார். நிறமும் மணமும் அவருக்குப் புலப்படும். விதையினுள் மறைந்துள்ள மருந்துச் சத்தின் அளவு புலப்படுமா?

பூனைக்காலி விதையை எடுத்துக்கொள்வோம். கம்பவாதத்துக்கு நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாக வழங்கிவரும் விதை இது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் ரசாயனக் கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் இதிலிருந்து லெவோடோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய்க்கு ஆங்கில வைத்தியர் இன்று தரும் முதன்மையான மருந்தும் அதுவே. விதையில் அது பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை இருக்கும். இவ்வித்தியாசம் அற்பமன்று. 10 கிராம் பொடியில் ஒருவருக்கு 400 மில்லிகிராம் சேர்ந்தால், மற்றொருவருக்கு 600 சேரும். அளவு மிகுந்தால் குமட்டல், தலைசுற்றல், மனக்குழப்பம் ஆகியவை நேரும்.

அளப்பது எங்ஙனம்? விதையை அரைத்து, சத்தை வடித்து, சோதனைச் சாலையில் பிரித்துப் பார்ப்பது பழைய வழி. நம்பத்தக்கதே, ஆயினும் காலமும் பொருளும் செலவாகும். அன்றியும், அரைத்த விதை முளைக்காது. சத்து மிகுந்த விதையைத் தேடும் ஆராய்ச்சியாளர், அதனைக் கண்ட கணத்திலேயே இழந்துவிடுகிறார்!

இதற்கு ஒளி துணை செய்கிறது. சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத கதிர் உண்டென 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். 1960-களில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்ல் நாரிஸ், அக்கதிரைக் கொண்டு தானியத்தின் ஈரத்தை அளக்கும் முறையை வகுத்தார்; பின்னர் புரதமும் அவ்வாறே அளக்கப்பட்டது. ஒவ்வொரு பொருளும் அக்கதிரில் தனக்குரிய பகுதிகளை விழுங்கும். எஞ்சித் திரும்பும் ஒளியைக் கருவி கணக்கிடும். ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடியும். விதைக்கு ஊறில்லை, பின்னர் அதனை விதைக்கலாம். மூலிகை விதைகளின் ஆராய்ச்சியிலும் இம்முறை இப்போது பயன்பட்டு வருகிறது.

ஆனால் கருவி தானாக ஒன்றும் அறியாது. ரசாயன முறையில் முன்னரே அளந்த பல விதைகளைக் காட்டி அதனைப் பழக்க வேண்டும். ஈரம் மிகுந்தாலும், விதையின் ரகம் மாறினாலும் கணக்குப் பிழைபடும். சரிபார்க்கப்படாத தராசு போன்றே, தவறாகப் பழகிய கருவியும் தயங்காமல் தவறான எண்ணைக் காட்டும்.

நம் குடும்பங்களில் சிலர், ஊரிலிருந்து வரும் பொட்டலத்தை நம்பி முதியோருக்கு இப்பொடியைக் கொடுப்பதுண்டு. மாத்திரையுடன் பொடியும் சேர்ந்தால் ஒரே மருந்து இருமுறை உட்செல்கிறது என்பதை மறவற்க. மாத்திரையைத் தாமே நிறுத்துதலும் ஆகாது. எதனையும் மருத்துவரிடம் ஒளியாது சொல்லுதல் நன்று. விற்பவரிடமும், "இதிலுள்ள சத்து எவ்வளவு? அளந்ததுண்டா?" என்று கேட்கப் பழகுவோம்.