காந்தம் ஒட்டாத கதவு



போன வாரம் என் தம்பி மகன், எங்கள் அப்பா ஓட்டிய 1972 அம்பாசடரைப் புதுப்பித்துக் குடும்பக் குழுவில் படம் போட்டான். எல்லோரும் "சூப்பர்" என்றீர்கள். நான் மட்டும், "கதவின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்" என்று எழுதினேன். "ரிட்டயர் ஆகியும் வாத்தியார் தப்பு கண்டுபிடிப்பதை விடவில்லை" என்று கேலி செய்தீர்கள். செய்யுங்கள். அவன் காந்தத்தை வைத்தான்; ஒட்டவில்லை. உள்ளே தகரமே இல்லை, பட்டிதான்.

பட்டி கெட்ட பொருள் அல்ல. சொட்டை எடுத்தபின் மிஞ்சும் சிறு மேடுபள்ளத்தை நிரவ, இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். துருப்பிடித்த ஓட்டையை அடைக்க அது வந்ததல்ல. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும். ஒழுங்கான வேலை என்றால், நல்ல தகரம் தெரியும்வரை துருவை வெட்டி எறிய வேண்டும். அதே கனத்தில் புதுத் தகரம் வளைத்து, சூட்டில் நெளியாமல் விட்டுவிட்டுப் பொட்டுப்பொட்டாக வெல்டு வைக்க வேண்டும். பின்புறம் டாலியைத் தாங்கிச் சுத்தியலால் தட்டிச் சமன்செய்ய வேண்டும். கதவடியில் மழைநீர் வடியும் துளைகளைத் திறந்துவிட வேண்டும். பெயிண்ட் கடைசியில்தான்.

"காட்சிக்குத்தானே வண்டி" என்கிறீர்கள். அம்பாசடருக்கு லாரி போலத் தனிச் சேசிஸ் கிடையாது. கூடுதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் பகுதி உளுத்தால் வண்டியின் முதுகெலும்பே உளுத்தது போல. அதில் பட்டி பூசிப் பிள்ளைகளை ஏற்றுவீர்களா?

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டி அசல் வடிவம் மாறாத வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. அதற்கும் ஆசைப்படுகிறான். பாதி உடம்பு பட்டியான வண்டியை எந்த வாயால் அசல் என்பது?

ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் இருக்கும் என் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கத்தி பட்ட தோலின் மேல் பூச்சு பூசினால் பார்வைக்குப் பளபளக்கும், மடித்தால் வெடிக்கும். தோலில் ஏமாறாத நீங்கள் தகரத்தில் ஏன் ஏமாறுகிறீர்கள்?

ஆனால் பட்டி போட்டவரை மட்டும் நான் திட்டமாட்டேன். மகள் கல்யாணத்துக்குப் பத்தே நாளில் என் பழைய பத்மினி தயாராக வேண்டும் என்று நானே ஒரு பட்டறையில் நின்றவன். "தகரம் மாற்ற ஒரு மாதம் ஆகும் சார்" என்றார் டிங்கர். நாளும் தரவில்லை, கேட்ட கூலியும் தரவில்லை. பட்டி போட்டுக் கொடுத்தார். இரண்டாவது மழைக்காலத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஏமாற்றியது அவரா, நானா?

பெயிண்டுக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். சுத்தியல் பிடித்தவரிடம் பேரம் பேசுகிறோம். பிறகு அவர் மகன் ஏன் அந்தத் தொழிலைக் கற்க வேண்டும்? 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. இனி நமக்குக் கதி, தகரத்தைக் கையால் வளைக்கத் தெரிந்த அந்த மனிதர்கள்தான்.

தம்பி மகனே, பெயிண்டைச் சுரண்டு. மறுபடி ஆரம்பி. நல்ல டிங்கராகப் பார். அவர் கேட்கும் நாளையும் கூலியையும் குறைக்காதே. கூலியில் பாதி என் பென்ஷனிலிருந்து வரும்.

கோபப்படுகிறவர்கள், முதலில் உங்கள் வண்டியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

— உங்கள் வாத்தியார்