டஸ்கனியில் ருசிபார்க்கும் விருந்தும் குடியானவர் நலமும்

இத்தாலி தேசத்தில் புளோரன்ஸ், சியெனா என்னும் இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள குன்றுப் பிரதேசம் கியாந்தி எனப்படும். அங்கே திராக்ஷைத் தோட்டம் உடையவர்களில் அநேகர், வெளியூராரைத் தங்கள் பண்ணைக்கே வரவழைத்து, சொந்தத்தில் விளைந்த ஒயினையும் ஒலிவ எண்ணெயையும் ருசி பார்க்கச் செய்து, மத்தியானப் போஜனமும் அளித்து, அதற்கென ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். ஒரு குடும்பத்தாருக்கு அல்லது ஒரு சிறு கூட்டத்தாருக்கு மட்டும் என்று தனியே நடத்தப்படுவதும் உண்டு. அதற்குக் கட்டணம் சற்று அதிகம். முற்பகலில் வருவோர் முதலில் கொடிகளிடையேயும் ஒலிவ மரங்களிடையேயும் நடந்து, பின்பு நிலவறையிலுள்ள பீப்பாய்களைப் பார்த்து, அதன் பின்னரே மேஜைக்கு வருகிறார்கள். திரும்பிப் போகையில் புட்டிகளும் எண்ணெய்த் தகரங்களும் வாங்கிச் செல்வது வழக்கம்.

செல்வர்களின் பொழுதுபோக்குக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். மது என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவோரும் இருப்பர். ஆயினும் நிலமுடையவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்கத்தக்க ஒரு விஷயம் இதில் அடங்கியிருக்கிறது. விளைபொருளின் விலை தரகர் மண்டியில் தீர்மானிக்கப்படாமல், விளைவித்தவன் மேஜையில், வாங்குவோன் நாவின்மேல் தீர்மானிக்கப்படுகிறது என்பதே அது. இது பெரிய லாபம். ஆனால் அந்த மேஜை எதுவரை வளரலாம், எந்த அளவுக்கு மேல் அது பண்ணையையே விழுங்கிவிடும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கியாந்தி குடியானவர்களின் அநுபவம் இவ்விரண்டிலும் பயன்படுவதாகும்.

முன்னாளில் அப்பிரதேசத்துச் சாகுபடி பெரும்பாலும் சரிபாதி வாரத்தில் நடந்தது. மெஸ்ஸத்ரியா என்பது அதன் பெயர். நிலமும் வீடும் உடையவருடையவை; உழைப்பு குடியானவன் குடும்பத்தினுடையது; தானியம், ஒயின், எண்ணெய் எல்லாம் இரண்டு பங்கு. மேல்வாரம், குடிவாரம் என்னும் சொற்களில் பழகியவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே நிலத்தில் கொடியும் ஒலிவமும் கோதுமையும் கலந்து நிற்கும். சரிவுகளில் சாந்தில்லாமல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள் மண்ணைத் தாங்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் குடியானவர்களின் பிள்ளைகள் நகரத்து ஆலைகளை நாடிப் போகத் தொடங்கினர். புதிதாக அவ்வித வார ஒப்பந்தம் செய்யலாகாதென 1964-ஆம் வருஷத்தில் சட்டம் பிறந்தது. அதற்குள்ளாகவே அநேக வீடுகள் காலியாகிவிட்டன. ஆளில்லாத வீட்டின் கூரை முதலில் விழும். அடுத்தபடி சுவர் சரியும். பின்பு முட்செடி ஏறும். குன்றுகளிலும் அதுவே நடந்தது.

எஞ்சியிருந்தோருக்கு அடுத்தடுத்து இரண்டு அடிகள் விழுந்தன. 1985-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகையையும் தாண்டி இறங்க, டஸ்கனியின் ஒலிவ மரங்கள் லக்ஷக்கணக்கில் பட்டுப்போயின. அவற்றை அடியோடு அறுத்து, தூரிலிருந்து கிளைத்த கன்றுகளை வளர்த்தே தோப்புகளை மறுபடி உண்டாக்க வேண்டியதாயிற்று. இன்று அங்கே நடுவில் ஒரே தண்டு இல்லாமல் மூன்று நான்கு தண்டுகளாக நிற்கும் மரங்களைக் காண்போர் அவ்வருஷத்துப் பனியின் தழும்பையே காண்கிறார்கள். மறுவருஷமாகிய 1986-இல் வட இத்தாலியில் மலிவான ஒயினுக்குக் காரமேற்றும் பொருட்டு மெத்தனால் என்னும் விஷச் சாராயம் கலந்து விற்கப்பட்டதால் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கலப்படம் செய்தவர் எங்கோ இருக்க, தேசம் முழுவதிலும் நேர்மையாக ஒயின் செய்தவர்களின் சரக்கும் தேங்கிற்று. ஊர் பேர் தெரியாத சரக்கை எவரும் நம்பாத காலம் வந்தபோது, வாங்குவோனைத் தோட்டத்துக்கே அழைத்துவந்து காட்டுவதைவிடச் சிறந்த அத்தாட்சிப் பத்திரம் வேறு இல்லை. பண்ணையில் விருந்தினரை ஏற்பதற்கான தேசியச் சட்டம் 1985 டிசம்பரிலேயே நிறைவேறியிருந்தது. பாழடைந்த வீடுகளுக்குக் கூரை திரும்பி வந்ததற்கு அது ஒரு காரணம்.

இனி ருசிபார்க்கும் முறையைக் கவனிக்கலாம். ஒயினைப் பற்றியே ஜனங்கள் அதிகம் பேசினாலும், விவசாயிக்கு அதிகப் பாடம் எண்ணெயில்தான் இருக்கிறது. பயிற்சி பெற்றோர் ஒலிவ எண்ணெயைச் சோதிக்கும்போது கருநீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவார்கள். பச்சை நிறத்தைக் கண்டு உயர்ந்ததென்றும் மஞ்சளைக் கண்டு தாழ்ந்ததென்றும் கண் ஏமாறக்கூடும். நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதனால் நிறத்தையே மறைத்துவிடுகிறார்கள். கிண்ணத்தை மூடி, உள்ளங்கையில் ஏந்தி, ஏறக்குறைய 28 பாகை சென்டிகிரேடு வரை சூடேறவிட்டு, மூடியை நீக்கி முகர்ந்து, பிறகு சிறிது வாயில் விட்டுப் பல்லிடுக்கு வழியே காற்றை உறிஞ்சுவார்கள். நல்லெண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்து வாங்கும் பெரியவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

நல்ல ஒலிவ எண்ணெயின் லக்ஷணங்கள் மூன்று: பச்சைக் காயின் மணம், நாவில் கசப்பு, தொண்டையில் உறைப்பு. முதன்முறை ருசிப்போர் இருமிவிட்டு, எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று விழிப்பதுண்டு. உண்மை அதற்கு நேர் எதிர். தொண்டையை உறுத்துவது ஒலியோகாந்தல் என்னும் பொருள்; வலி தணிக்கும் இபுப்ரோபென் மாத்திரையின் குணத்தை ஒத்த குணம் அதற்கு உண்டென்று 2005-ஆம் வருஷத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இளங்காயைப் பறித்து உடனே ஆட்டினால் அது அதிகமாகவும், கனிந்து உதிர்ந்ததைக் குவித்துவைத்து ஆட்டினால் குறைவாகவும் இருக்கும். குவியலில் புழுங்கிய காயின் வாடை, பூசண வாடை, காறல் வாடை ஆகியவை குற்றங்கள். ஐரோப்பிய சமூகத்தார் 1991-ஆம் வருஷத்து விதிகளால் இந்த நாக்குச் சோதனையையே சட்டமாக்கியிருக்கிறார்கள். அமிலம் நூற்றுக்கு 0.8-க்கு மேற்படாமல் இருந்தாலும் போதாது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் அடங்கிய குழு ருசி பார்த்துக் குற்றமில்லை என்று கூறினாலன்றி முதல்தர எண்ணெய் என்ற பெயரில் விற்கலாகாது. ரசாயன சாலைக்கு மேலாக மனித நாவை நம்பும் சட்டங்கள் உலகில் அதிகமில்லை.

இந்த ருசியறிவை வாங்குவோனுக்குக் கற்றுக்கொடுப்பதே விருந்தின் தலையாய பயன். படிக்கட்டு நிலத்தில் கையாலும் சிறு சீப்பாலும் காய் பறிக்கும் ஓர் ஆள் நாளொன்றுக்கு நூறு கிலோவைத் தாண்டுவது அரிது. நூறு கிலோ காயில் கிடைக்கும் எண்ணெய் சுமார் பதினைந்து கிலோ. காயைப் பறித்த ஒரு நாளுக்குள் ஆட்டவேண்டும். ஆட்டும்போது சூடு 27 பாகையைத் தாண்டினால் குளிர்முறையில் எடுத்தது என்று எழுதிக்கொள்ளும் உரிமை போய்விடும். இவ்வளவும் செய்தவன், பல தேசத்து எண்ணெய்களைக் கலந்து புட்டியில் அடைத்த கடைச் சரக்கின் விலைக்குத் தன் எண்ணெயைக் கொடுக்க இயலாது. ஏன் இயலாது என்று வாதம் செய்து விளக்குவதும் வீண். இரண்டு கிண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் வாதம் முடிந்தது.

ஒயினைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். கியாந்தியின் எல்லையை 1716-ஆம் வருஷத்தில் டஸ்கனி அரசர் மூன்றாம் கோசிமோ ஒரு கட்டளையால் வகுத்தார். 1932-இல் அப்பெயரைச் சுற்றுப்புறங்களுக்கும் விரித்தபோது பழைய எல்லைக்குள் இருந்தோர் வருந்தினர். வைக்கோல் சுற்றிய குடுவையில் மலிவாக விற்கப்பட்ட ஒயின் பெயரை மேலும் கெடுத்தது. இப்பொழுது பழைய எல்லைக்குரிய கியாந்தி கிளாசிகோவில் சாஞ்சோவேசே என்னும் கருந்திராக்ஷை நூற்றுக்கு 80 பங்காவது இருக்கவேண்டும். 2006-ஆம் வருஷத்து அறுவடை முதல் வெள்ளைத் திராக்ஷை அறவே கூடாது. ஹெக்டேருக்கு ஏழரை டன்னுக்கு, அதாவது ஏக்கருக்குச் சுமார் மூன்று டன்னுக்கு மேல் மகசூல் எடுக்கலாகாது. மகசூலைக் குறைக்கச் சட்டம் போட்டு, விவசாயிகளே அதை ஒப்புக்கொண்டது பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். குறைந்த காய்களில் சத்து திரள்வதை மேஜையில் காட்டி விலை பெற முடிவதனாலேயே அது கட்டுபடியாகிறது. ருசி பார்த்ததை உமிழ்வதற்குப் பாத்திரமும் வைக்கப்படுகிறது. கார் ஓட்டி வந்தவர் அதை உபயோகிப்பதே முறை.

குறைகளும் இல்லாமலில்லை. பெரும்பாலான விருந்துகளில் நான்கைந்து ஒயின்களுக்கு ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, எண்ணெயைக் கடைசியில் ஒரு ரொட்டித் துண்டில் தடவிக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். கருந்திராக்ஷையின் துவர்ப்பு ஏறிய நாவுக்கு எண்ணெயின் கசப்பு எங்கே தெரியும்? எண்ணெயே முதலில் வரவேண்டும். ரொட்டியில்லாமல் தனியே வரவேண்டும். இடையிடையே ஓர் ஆப்பிள் துண்டு கடித்து நாவைத் தெளிய வைப்பது போதும். இன்னொரு குறை காலத்தைப் பற்றியது. ஒயின் நிலவறையில் காத்திருந்து மேன்மையடையும்; எண்ணெய்க்கு அந்தப் பாக்கியம் இல்லை. அக்டோபர், நவம்பரில் ஆட்டிய எண்ணெய் மாதத்துக்கு மாதம் தன் மணத்தை இழக்கும். விருந்தினரோ வசந்தத்திலும் கோடையிலும்தான் கூட்டமாக வருகிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் மேஜையில் வைத்த எண்ணெய் எந்த வருஷத்து அறுவடை என்று கேட்காமலே சொல்லும் பண்ணைக்காரர் யோக்கியர். கேட்டபின்பும் மழுப்புகிறவரிடம் ஒயினும் வாங்காதிருப்பது நலம்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் போஜனத்தில் இருக்கிறது. அது எளிமையாயிருந்தவரையில் கேடில்லை. உப்பில்லாத டஸ்கனி ரொட்டி, ஆட்டுப்பால் பாற்கட்டி, வேகவைத்த வெள்ளை அவரை, அதன்மேல் ஊற்றிய எண்ணெய் ஆகியவை ருசிபார்ப்பதற்குத் துணையே தவிரத் தடையல்ல. ஆனால் சமையலறையில் வருமானம் கண்டவுடன் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. முதலில் பத்துப் பேருக்கு இலை; பிறகு நாற்பது பேருக்கு; பிறகு நீச்சல் குளம்; கடைசியில் கொடி கத்தரிக்கும் மாதத்தில் ஆட்கள் நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பார்கள். பண்ணையின் பெயரால் நடக்கும் சாப்பாட்டுக் கடைக்கு விவசாயிக்குரிய வரிச் சலுகை எதற்கு என்று பக்கத்து ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்காரர் கேட்டால் அதற்கு விடை கூறுவது கடினம்.

இத்தாலியச் சட்டம் இதை முன்கூட்டி யோசித்திருக்கிறது. 1985-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பண்ணையில் விவசாயமே பிரதானமாயிருக்க வேண்டும். விருந்தோம்பல் அதற்குக் கீழ்ப்பட்டதாக இருக்கவேண்டும். எது பிரதானம் என்பதை மாகாண அரசாங்கங்கள் வரையறுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் உழைப்புத் தேவை என்று கணக்கிடுவது அதில் முக்கியமான அளவுகோல். பத்து விருந்தினருக்கு மேற்படாவிடில் கணக்கே கேட்பதில்லை. பரிமாறுவதில் சொந்த விளைவும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் விளைவும் மிகுந்திருக்க வேண்டும். 2017-இன் இறுதியில் ஒயின் பண்ணைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கும், அதற்கு இரண்டு வருஷத்துக்குப் பின் எண்ணெய்ப் பண்ணைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. முன்னதற்கு 2019-இல் வந்த விதிகள் ஒரு நல்ல கோடு கிழித்தன. ருசிபார்க்கும்போது ஆறிய பதார்த்தங்களைத் துணையாக வைக்கலாம்; உணவுக்கடையை ஒத்த சேவை கூடாது. அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட விரும்புவோர் பண்ணை விருந்தோம்பலுக்குரிய நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். ருசிபார்ப்பதற்கும் சாப்பாட்டுக்கும் உள்ள எல்லையை அடுப்பில் வைத்தது புத்திசாலித்தனம்; ஏனெனில் அடுப்பை எந்த உத்தியோகஸ்தரும் கண்ணால் பார்க்கலாம்.

உழைப்பு நாட்களின் கணக்கோ காகிதத்தில் எழுதப்படுவது. காகிதத்தில் கொடி கத்தரித்தவர்கள் நிலத்தில் கத்தரித்தார்களா என்று அறிய, பரிசோதிக்கப் போகிறவர் விருந்து மேஜையையும் நிலவறையையும் விட்டுவிட்டு வீட்டின் பின்புறத்துச் சரிவுக்குப் போகவேண்டும். பாதையோரத்துக் கொடிகள் எப்பொழுதும் அழகாகவே இருக்கும். விருந்தினர் கண் எட்டாத மேற்படிக்கட்டுகளில் கற்சுவர் நிற்கிறதா, ஒலிவ மரத்தடியில் புதர் மண்டியிருக்கிறதா என்பதே பார்க்கவேண்டியது. சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார், இத்தாலி முதலிய எட்டுத் தேசங்களின் சார்பில், மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். கௌரவம் வந்தது, சரிந்த சுவரை எடுத்துக்கட்டும் கூலி அதனுடன் வரவில்லை. அக்கூலி விருந்துக் கட்டணத்திலிருந்துதான் வரவேண்டும். வருகிற பண்ணைகளும் உண்டு, வராதவையும் உண்டு. இரண்டின் மேஜைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

நவம்பர் மாதத்திலும் விருந்தினரை ஏற்கும் பண்ணைகள் சில இருக்கின்றன. அப்பொழுது வெயில் இராது. திராக்ஷை இலை உதிர்ந்திருக்கும். வருவோர் தொகையும் குறைவு. பின்னிரவு வரை ஆலை ஓடும். நெருப்பில் வாட்டிய ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, அன்று ஆட்டிய எண்ணெயை அதன்மேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஆலையில் தன் முறைக்காகக் காயுடன் காத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரரும் அதே ரொட்டியைத் தின்றுகொண்டு, தம் மரத்துக் காயைப் பற்றி வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்.