வண்டி வாங்கியாச்சு… சார்ஜ் போட இடம் எங்கே?



பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். கடன் வாங்கியாவது ஒரு மின்சார ஸ்கூட்டர் எடுத்துடலாம்னு நினைக்கிறீங்க. நியாயம்தான். ஆனா ஷோரூம்ல யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு: ராத்திரி எங்க சார்ஜ் போடுவீங்க?

சொந்த வீடு இருந்தா கவலை இல்லை. வாடகைக்கு மூணாவது மாடியில இருக்கிறவர் என்ன செய்வார்? "இங்க போடாதீங்க, கரண்ட் பில் ஏறும்" என்கிறார் ஹவுஸ் ஓனர். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்கிறது அடுக்குமாடிச் சங்கம். இத்தனைக்கும் ஒரு சாதாரண ஸ்கூட்டர் முழுசா ஏற மூணு, நாலு யூனிட்தான்! கடைசியில ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் ஒயர், இல்லேன்னா பேட்டரியைக் கழற்றிக் கட்டில் பக்கத்துல வச்சுத் தூக்கம். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்ததை மறந்துடாதீங்க.

விதியே இல்லையா? இருக்கு. சார்ஜிங் நிலையம் நடத்தத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று 2018-லேயே மத்திய மின் அமைச்சகம் சொல்லிவிட்டது. நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு நிலையம் என்று அப்போது கணக்கு. 2019-ல் திருத்திய மாதிரிக் கட்டட விதிகள், வாகன நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்தை மின் வாகனங்களுக்குத் தயார் செய்யச் சொல்கின்றன. வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே சார்ஜ் போடலாம் என்றும் மத்திய வழிகாட்டுதல் இருக்கு. தமிழக அரசின் 2023 கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், நெல்லை என ஆறு ஊர்களைக் குறிப்பிடுகிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 20 சதவீதக் கணக்கு புதுசா கட்டுற கட்டடத்துக்குத்தான் உதவும். நம்மில் பலர் குடியிருப்பது பழைய கட்டடம். அங்கே சங்கம் வச்சதுதான் சட்டம். சாப்பாடு டெலிவரி பண்ற தம்பி, சார்ஜ் தீர்ந்த வண்டியை மூணு கிலோமீட்டர் தள்ளிட்டா போவார்?

சங்கத்தின் பயத்தில் நியாயமே இல்லைன்னு நாங்க சொல்லலை. பழைய ஒயரிங் தாங்காது, 5 ஆம்ப் பிளக்குல போட்டா உருகும். அதனாலதான் விதி வேணும்கிறோம். தனி சப்-மீட்டர், எம்.சி.பி., சரியான எர்த், 15 ஆம்ப் சாக்கெட். இந்தச் செலவை குடியிருப்பவர் ஏத்துக்கிட்டா மறுக்கக் கூடாது. மறுத்தா, என்ன ஆபத்துன்னு எழுத்தில் தரணும். மாநகராட்சி மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் பார்க்கிங் எல்லாத்திலும் டூவீலருக்கு சாக்கெட் வேணும். காருக்கு மட்டும் பெரிய சார்ஜர் வச்சுட்டு ரிப்பன் வெட்டினா போதாது. சார்ஜர் நடைபாதையை அடைச்சு நிக்கவும் கூடாது. சார்ஜிங் இடத்தில் பெட்ரோல் கார் நின்னா அபராதம் போடுங்க. கண்டுபிடிக்கிறது கஷ்டமா என்ன? மின் வண்டிக்குத்தான் பச்சை நம்பர் பிளேட் இருக்கே!

அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன்னாடி உங்க வார்டு கவுன்சிலரைப் பாருங்க. அவர் எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்லை. உங்க தெருவில எத்தனை பச்சை பிளேட் வண்டி நிக்குதுன்னு எண்ணி, மனுவில் எழுதிக் குடுங்க.

#சார்ஜ்_போட_இடம்_வேணும்