என் பயத்துக்கு நான் வரி கட்ட மாட்டேன்

பொதுப் பண்டங்களுக்கு யார் எவ்வளவு கொடுப்பது? ஸ்வீடன் பொருளியலாளர் எரிக் லிண்டால் 1919இல் சொன்ன பதில் கேட்க நியாயமாகவே இருக்கும். தெருவிளக்கு எரிந்தால் எல்லாருக்கும்தான் எரியும். அதற்காக எல்லாரும் ஒரே தொகை கட்ட வேண்டாம். இன்னொரு விளக்கு வந்தால் அதற்கு எவ்வளவு தரத் தயார் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். அதுவே அவரவர் வரிப்பங்கு. பங்குகளின் கூட்டுத்தொகை செலவை ஈடுகட்டும் இடத்தில் விளக்குகளின் எண்ணிக்கை முடிவாகும்.

வரியைக் குறைக்க மக்கள் தம் விருப்பத்தை மறைப்பார்கள் என்று பால் சாமுவேல்சன் 1954இல் காட்டினார். பாடநூல்களும் பொய் சொல்பவரைப் பற்றியே கவலைப்படுகின்றன. என் கவலை உண்மை சொல்பவளைப் பற்றியது.

இரவுப் பணி முடிந்து தனியே நடந்து வருபவளுக்கு அந்த விளக்கு அவசியம். கையில் பணமில்லை என்றால் அவள் சொல்லும் தொகை சிறிது. அவள் தெருவுக்கு விளக்கு வருவதற்கான கணக்கும் அந்த அளவுக்குக் குறையும். பணம் இருந்தால்? அதிகம் பயப்படுபவள் அதிகம் கட்ட வேண்டும். அவளைப் பயமுறுத்துகிறவனுக்கோ விளக்கே வேண்டாம். அவன் பங்கு பூஜ்யம். இதற்குப் பெயர் நியாயமா?

இன்னொன்று: கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது? லிண்டால் எழுதிய ஆண்டில் ஸ்வீடன் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்ததே இல்லை. 1921இல்தான் முதன்முறை வாக்களித்தார்கள். கணவன், மனைவி சம்பாத்தியத்துக்குத் தனித்தனியே வரி என்பது 1971இல்தான் அங்கே பொது விதியானது. ‘குடும்பத்தின் விருப்பம்’ என்றால் இன்றும் பணப்பை வைத்திருப்பவர்தான் பதில் சொல்கிறார். கூலியில்லாமல் சமைத்து, துவைத்து, நோயாளியைப் பார்த்துக்கொள்பவள் அந்தக் கணக்கில் தனி ஆளாக வருவதே இல்லை.

லிண்டாலுக்கு வழிகாட்டிய நுட் விக்செல் 1896இலேயே ஒரு நிபந்தனை வைத்தார்: சொத்துப் பகிர்வு நியாயமாக இல்லாத இடத்தில் வரிப் பகிர்வு நியாயமாக இருக்க முடியாது. சூத்திரத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த நிபந்தனையை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

வரி கட்ட நான் மறுக்கவில்லை. என் வருமானத்துக்கு ஏற்பக் கேளுங்கள், கட்டுகிறேன். பயத்தை அளந்து அதற்கு விலை சொல்லாதீர்கள். அச்சமின்றித் தெருவில் நடப்பது என் உரிமை. அதற்கு எவ்வளவு தருவாய் என்று கேட்கும் கேள்வியே தவறு.