தோளுக்கினியானும் கூண்டு வண்டியும்

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காக எழுந்தருளுவது, காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு. அங்குள்ள பட்டினச்சேரி மீனவ மக்களுக்கு அவர் 108 திவ்ய தேசத்துப் பெருமாள்களில் ஒருவர் மட்டும் அல்லர். தங்கள் வீட்டு மாப்பிள்ளை. செம்படவர் குலத்தில் தோன்றிய பத்மினி நாச்சியாரைக் கைப்பிடித்தவர் அவர் என்பது தலத்தின் மரபு. ஆகவே ஊரே திரண்டு, "மாப்பிள்ளை வருகிறார்" என்று வரவேற்று, பட்டுச் சாத்தி, தங்கள் தோள்களில் சுமந்து கடலருகே அழைத்துச் செல்கிறது.

சுற்றுவட்டத்துப் பெருமாள்கள் பலரும் அன்று அங்கே கூடுவதால், நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளிலிருந்தும் அவற்றுக்கு அப்பாலிருந்தும் குடும்பம் குடும்பமாக அடியார்கள் வருகிறார்கள். வண்டி பேசுகிறார்கள்; கட்டுச்சோறு கட்டுகிறார்கள். புறப்படும் முந்தைய இரவில் பல வீடுகளில் ஒரு குரல் கேட்கும். "நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்." சொல்பவர் எழுபது வயதைக் கடந்த பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருப்பார். எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கடலுக்கு அழைத்துச் சென்றவர் அவரே. அவருக்குப் பக்தி குறைந்துவிடவில்லை. வண்டியில் ஏற முழங்கால் மடங்காது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். வழியில் ஒதுங்க இடம் இராது. இவற்றை வாய்விட்டுச் சொல்ல நாணி, வீட்டுக் காவலைக் காரணமாகச் சொல்கிறார். மாப்பிள்ளை வரும் நாளில் வீட்டுப் பெரியவர் இல்லாமற்போவது எத்தகைய குறை!

யாத்திரையில் சுகத்தை நாடலாமா, கஷ்டப்பட்டால் அன்றோ புண்ணியம் என்று கேட்பவர் உண்டு. காரைக்காலம்மையார் அந்த ஊரிலேயே பிறந்தவர் அல்லவா, கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் அல்லவா என்பார்கள். உண்மைதான். அது அம்மையாரின் தனி நிலை. உடலின் அழகையே உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர் அவர். பெரிய புராணத்தையே இன்னும் சிறிது புரட்டினால் வேறு காட்சிகளும் தென்படும். கயிலையைக் காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர் கால் தேய, கை தேய, மார்பால் உந்தி, உருண்டு சென்றார். இறைவன் முனிவராக எதிர்வந்து அவரை ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை அருளினார். முதிய உடல் தேய்ந்து அழிவதை இறைவன் கேட்கவில்லை. திருஞானசம்பந்தரோ பிஞ்சுக் கால் நோக நடந்து வந்தார்; திருநெல்வாயில் அரத்துறையில் அவருக்கு முத்துச் சிவிகையும் முத்துக் குடையும் கிடைத்தன. பட்டீச்சரத்து வெயிலுக்கு முத்துப்பந்தர் வந்தது. அடியார் நோகாமல் வந்து சேரவேண்டும் என்ற கவலை ஆண்டவனுக்கே இருந்திருக்கிறது.

பெருமாளின் பயணத்தைத்தான் பாருங்களேன். பின்னே திண்டு, மேலே குடை, இருபுறமும் சாமரம், வழிநெடுக மண்டகப்படி, ஒவ்வொரு மண்டகப்படியிலும் இளைப்பாறலும் நிவேதனமும். வைணவக் கோயில்களில் சிறு பல்லக்குக்குத் தோளுக்கினியான் என்று பெயர் வழங்குகிறது. ஊர்திக்குப் பெயர் வைக்கும்போதும் சுமப்பவரின் தோளை நினைத்திருக்கிறார்கள். பெருமாளுக்கு இத்தனை உபசாரம் செய்யும் குடும்பம், பாட்டியை வேனின் பின்வரிசை மூலையில் மூட்டை முடிச்சுகளோடு அமர்த்துவது பொருந்துமா?

டெல்டாப் பகுதியில் முன்னாளைய குடும்பங்களுக்கு யாத்திரை வாகனம் கூண்டு வண்டி. இன்று மூத்தோராய் இருப்பவர் பலர் சிறு வயதில் அதில் ஏறியிருப்பார்கள். மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு, அடியில் கனமாக வைக்கோல், அதன்மேல் சாக்கு, அதற்கும் மேல் பவானி ஜமக்காளம், சாய்ந்துகொள்ள இலவம் பஞ்சுத் திண்டு. இரும்புப் பட்டா போட்ட சக்கரம் மேடு பள்ளத்தில் இடிக்கும் இடியையெல்லாம் அந்த வைக்கோல் வாங்கிக்கொள்ளும். தங்கும் இடத்தில் அதில் ஒரு பகுதி மாட்டுக்குத் தீவனமாகும். ஆகவே போகும்போது இருந்த மெத்தை வரும்போது மெலிந்திருக்கும். திரும்பும் வழியில் இடுப்பு சற்று அதிகமாக வலிக்கும். வசதியுள்ள வீடுகளில் வில் வைத்த வண்டி உண்டு. அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். ஏறும்போது அச்சிலுள்ள மை புடவையில் படாமல் பார்ப்பது ஒரு தனிக் கலை.

அந்த வண்டியை அமைத்தவர்கள் கவனித்த முதல் செய்தி, பாரம் எங்கே விழுகிறது என்பது. இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். ஆகவே வண்டியோட்டி ஆட்களைப் பார்த்து, "பாட்டி கொஞ்சம் முன்னே வாங்க, தம்பி பின்னே தள்ளு" என்று அமர்த்திய பிறகே மாட்டை விரட்டுவார். மேல்நாடுகளில் காருக்குப் பின்னே கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு போன்ற வண்டிகள் உண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பிடம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஓய்வு பெற்ற முதியோர் மாதக்கணக்கில் அதில் ஊர் சுற்றுவது அங்கே வழக்கம். அந்த வண்டிக்கும் விதி இதுவே. மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு முன்கொக்கியில் அழுந்தவேண்டும். பின்னே பாரம் ஏறிவிட்டால் வேகத்தில் வண்டி வாலாட்டும். இந்தியச் சாலைகளில் அவ்வகை இழுவண்டி இன்னும் அரிது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. ஆயினும் கோயிலுக்குச் செல்லும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கையிலுள்ளது வாடகை வேன்தான். அதைத் தேர்ந்தெடுப்பதிலும் உள்ளே அமைப்பதிலும் கூண்டு வண்டிக்காரரின் கண் வேண்டும்.

வேன் பேசும்போது பெரும்பாலோர் கேட்பது இரண்டு கேள்விகள்: கிலோமீட்டருக்கு என்ன வாடகை, ஏ.சி. உண்டா. முதியவர் வருவதானால் முதலில் பார்க்கவேண்டியது படி. தரையிலிருந்து முதற்படி ஒரு முழ உயரம் இருந்தால் மூட்டு வலி உள்ளவர் ஏற முடியாது. நான்கு கால்களும் அகன்று நிற்கும், சாயாத, அரையடி உயரப் படிப்பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து வைத்துக்கொண்டால் பல ஆண்டுகளுக்கு உதவும். காலடியில் ரப்பர் ஒட்டிவிட்டால் வழுக்காது. வாசலருகே பற்றிக்கொள்ளக் கம்பி உண்டா என்று கையால் அசைத்துப் பார்க்கவேண்டும்.

அடுத்தது இருக்கை. பின்சக்கரத்துக்கு அப்பால் உள்ள கடைசி வரிசைதான் அதிகமாகத் தூக்கிப் போடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள வரிசை குலுங்குவது குறைவு. பெரியவருக்கு உரியது அதுவே. மரியாதை என்று நினைத்து அவரை ஓட்டுநர் பக்கத்தில் உயரமான இடத்தில் ஏற்றுவதும், பிள்ளைகள் கூச்சலிடுவார்கள் என்று பின்னே ஒதுக்குவதும் இரண்டுமே தவறு. உள்ளங்கால் தரையில் படியவேண்டும். கால் தொங்கினால் தொடையின் அடிப்பகுதி அழுந்திக் கால் வீங்கும். ஒரு பலகையோ மடித்த ஜமக்காளமோ காலடியில் வைத்தால் போதும். இடுப்புக்குப் பின்னே சிறு இலவம் பஞ்சுத் திண்டு. மிக மென்மையான பஞ்சணை பார்க்கச் சுகம். அரை மணியில் உடலை உள்வாங்கி எழவிடாமல் செய்துவிடும்.

வண்டிக்குள் பலகை போட்டுப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமே என்று சிலர் அன்பினால் செய்வதுண்டு. மாட்டு வண்டி நடக்கும் வேகத்தில் அது சரி. விரைந்து ஓடும் வேனில் கட்டின்றிப் படுத்திருப்பவர் ஒரு திடீர் நிறுத்தத்தில் உருண்டு விழுவார். வண்டி ஓடும்போது சாய்விருக்கையும் இடுப்புக் கட்டும். படுக்கை, வண்டி நிற்கும்போது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இனி, பெரியவர்கள் சொல்லக் கூசும் செய்தி. வழியில் ஒதுங்க இடமிராது என்று அஞ்சிப் பாட்டிமார் முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். விளைவு, கடற்கரை வெயிலில் தலைசுற்றல். வீடு திரும்பியபின் நீர்க்கடுப்பு. விரதம் என்று பெயர் சொல்லி மறைப்பதும் உண்டு. வீட்டில் மருமகளோ மகளோ இதைத் தானாகவே கேட்டுத் தெரிந்து ஏற்பாடு செய்யவேண்டும். பெரியவர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கவே மாட்டார். மடிக்கும் கமோடு நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அது வேனின் பின்பகுதியில் அதிக இடம் பிடிக்காது. ஒரு வேட்டியும் ஒரு கயிறும் இருந்தால் திரை ஆயிற்று. மூடியுள்ள வாளி, தண்ணீர், சோப்பு, கழிவைக் கட்டும் உறை ஆகியன கூடவே இருக்கவேண்டும். வண்டி நிழலில் நிற்க, மற்றவர்கள் இறங்கிக் காப்பி குடிக்கும் நேரத்தில் காரியம் முடிந்துவிடும். நீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர் பயண நாளில் அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது; தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுச் செல்லலாகாது. பனிக்கட்டியோடு ஒட்டவும் வைக்கலாகாது. குளிர்ந்த நீர்ப்புட்டிக்குப் பக்கத்தில் துணி சுற்றிய டப்பாவில், பெரியவரின் கைப்பையிலேயே இருக்கட்டும். அந்நாளில் ரயில் பயணத்துக்குக் கூஜாவும் ஹோல்டாலும் எடுத்துச் சென்றவர்களுக்கு இந்த முன்யோசனையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. கூஜா இன்றும் பயன்படும் பொருளே. குலுங்கினாலும் சிந்தாத மூடி அதற்கு உண்டு.

ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கவேண்டும். பெருமாளுக்கு மண்டகப்படி இருப்பதுபோல இவர்களுக்கும். இறங்கிப் பத்து அடி நடந்தால் காலில் இரத்தம் தேங்காது. இறங்க இயலாதவர் அமர்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம்.

பட்டினச்சேரிக்குச் செல்வோர்க்கு இன்னும் சில. திருக்கண்ணபுரம் தமிழ்நாட்டில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. திருமலைராயன்பட்டினம் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பெருமாளின் வழியில் அந்த எல்லை இன்றும் மாநில எல்லையாக நிற்கிறது. அவருக்கு அனுமதி தேவையில்லை; வாடகை வேனுக்கு வேண்டும். புதுச்சேரிக்குள் செல்லும் அனுமதி உண்டா என்று பேசும்போதே கேட்டுவிட்டால், சாவடியில் முதியவரை வெயிலில் காக்கவைக்கும் நிலை வராது. வண்டி கடற்கரைவரை போகும் என்றும் எண்ணக் கூடாது. மகத்தன்று கூட்டத்தால் வாகனங்கள் தொலைவிலேயே நின்றுவிடும். எனவே நன்கு விடியுமுன் வந்து, வேனை நிழலுள்ள இடத்தில் நிறுத்தி, பெரியவரைச் சற்றுப் படுக்கவைத்து, சுவாமி கரையை நெருங்கும் நேரத்தில் அழைத்துச் செல்வதே முறை.

சக்கர நாற்காலி மணலில் புதையும். கைப்பிடி உள்ள, எடை குறைந்த சாதாரண நாற்காலி மேல். இரண்டு பேரப்பிள்ளைகள் இருபுறமும் பிடித்தால் பாட்டி சிவிகையில் போவதுபோலப் போகலாம். நாற்காலிக் காலும் மணலில் இறங்கும் ஆதலால், வண்டியில் ஏறப் பயன்பட்ட அந்தப் படிப்பலகையோடு இன்னொரு பலகையையும் கொண்டுபோய் அடியில் இடவேண்டும். ஒரு குடை. வெயில் ஏறிய மணலில் சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு நிற்கலாகாது. சுட்டாலும் அவருக்குத் தெரியாது. பருத்திக் காலுறை அணிந்து நாற்காலியில் இருந்தபடியே சேவிக்கலாம். கடல் நீரை ஒரு செம்பில் மொண்டு வந்து தலையில் தெளித்துவிட்டால் தீர்த்தமாடியதாயிற்று. அலைக்குள் இறங்கியே ஆகவேண்டும் என்று முதியவரை வற்புறுத்துவது வீண்.

தீர்த்தவாரி முடிந்தவுடன் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பும். அந்த நெரிசலில் சேர வேண்டாம். ஒரு குடம் நல்ல தண்ணீர் வண்டியில் மிச்சம் இருக்கட்டும். பெரியவரின் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கில் உள்ள மணலைக் கழுவித் துடைத்து, எங்கேனும் சிராய்ப்போ கொப்புளமோ உண்டா என்று பார்த்துவிட்டு, தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தை அவர் கையில் முதலில் கொடுங்கள். சாலை காலியாவதற்குள் அவர் சாப்பிட்டு முடித்திருப்பார்.